கேள்விக்குக் கூலி

"சார், கெணத்துல வாளி தண்ணிக்குள்ள கெடக்கையில லேசா இருக்கு. தண்ணிய விட்டு மேல வந்ததும் கனக்குது. அம்புட்டு நேரம் அந்தக் கனம் எங்க சார் இருந்துச்சு?"

கேட்டது பரிபூரணம். வாய்க்குள் எதையோ அதக்கிக்கொண்டு கேட்டாள். டியூஷனுக்கு வந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள்.

ஞானதுரைக்கு எரிச்சலாக வந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண். நேற்று, ஐஸ் போட்டால் செம்பு ஏன் வேர்க்கிறது என்றாள். அதற்கு முந்தின நாள், கண்ணாடியில் இடது வலது மாறுகிறதே, தலையும் காலும் ஏன் மாறவில்லை என்றாள். தினம் ஒரு மக்குக் கேள்வி, தினம் ஒரு தீனி.

"மொதல்ல வாயில இருக்கிறதை முழுங்கு" என்றான்.

முழுங்கினாள். "பால்கோவாச் சுரண்டல் சார்" என்றாள் பணிவாக.

பக்கத்தில் இருந்த முத்துப்பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்பாவுக்குப் பால்கோவாக் கடையில் கிண்டுகிற வேலை. சட்டியின் அடியில் பிடித்ததைச் சுரண்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். அந்த வாயில்லாப் பெண்ணிடம் இவள் பிடுங்கித் தின்கிறாள் என்பது ஞானதுரைக்குப் புரிந்துவிட்டது.

அவன் வீட்டில் முதல் பட்டதாரி அவன்தான். எண்பத்தொன்பதில் பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்தான். அப்பா தேவஇரக்கம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துப் பஞ்சாலைக்கு ஷிப்டு போகிறவர். மானேஜரிடம் நடையாய் நடந்து மகனுக்குக் கிளார்க் வேலை கேட்டு வைத்திருந்தார். திங்கட்கிழமை சேர வேண்டும். டியூஷன் அதுவரை பொழுதுபோக.

வாளிக் கேள்விக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தான். வரவில்லை. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை எழுத்துப் பிசகாமல் எழுதி மார்க் வாங்கியவன்தான். வாளியை நினைத்துப் பார்த்ததில்லை. காலேஜில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதும் இல்லை. சிரித்துவிடுவார்களே என்று பயம்.

எல்லாரையும் வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணற்றடிக்குக் கூட்டிப்போனான். ஆளுக்கொரு தரம் இறைக்கச் சொன்னான்.

"இப்ப லேசா இருக்குல்ல? கெணத்துத் தண்ணியும் சேந்து தாங்குது. மேல வந்துட்டா நீ ஒருத்திதான் தாங்கணும்."

முத்துப்பேச்சி கயிற்றை விடவே இல்லை. முக்குவதும் தூக்குவதுமாக இருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அதைப் பார்த்த நிமிஷம் ஞானதுரைக்கு மில் வேலை கசந்துபோயிற்று. பி.எட். படித்தால் வாழ்நாளெல்லாம் இதையே செய்யலாம்.

நிமிர்ந்து பார்த்தான். ஷிப்டு முடிந்து வந்த அப்பா பின்வாசலில் நின்று முறைத்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்விட்டார். பி.எட். படிக்கட்டுமா என்று அவரிடம் கேட்க ஞானதுரைக்குத் துணிவு வரவில்லை.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில், பரிபூரணம் படிக்கிற பள்ளியின் சயின்ஸ் டீச்சர் கிருபாபாயைப் பார்த்தான். அந்தப் பெண்ணை எப்படிப் பாஸ் பண்ண வைப்பது என்று யோசனை கேட்டான். டீச்சர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சயின்ஸில் பள்ளிக்கூடத்திலேயே அவள்தான் முதல் மார்க்காம்.

அன்று டியூஷனுக்கு வந்தவளை வாசலிலேயே நிறுத்தி விசாரித்தான்.

"அதெல்லாம் ஏங் கேள்வி இல்ல சார், முத்துப்பேச்சி கேள்வி. அவளைப் பாத்துச் சிரிச்சா மறுநா வர மாட்டா. என்னையப் பாத்துச் சிரிச்சா எனக்கென்ன? அவளுக்குத் துணைக்குத்தான் நான் டியூஷனுக்கே வாரேன்."

"அப்ப அந்தச் சுரண்டல்?"

"சும்மா கேக்க முடியுமா சார்? கேள்விக்கு ஒரு உருண்டை."

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஞானதுரை பால்கோவாப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு பரிபூரணத்தின் வீட்டு வாசலில் போய் நின்றான். அவள் கருப்பட்டிச் சேவு தின்றுகொண்டிருந்தாள்.

"இது சுரண்டல் இல்ல, கடைச் சரக்கு" என்று நீட்டினான். "ஒரு கேள்வி இருக்கு. எங்கப்பாகிட்ட கேக்கணும். மில்லுக்குப் போகாம வாத்தியாருக்குப் படிக்கட்டுமான்னு."

பரிபூரணம் பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுப் பாவாடை மடியில் பத்திரப்படுத்தினாள்.

"செத்த நேரம் முந்தி உங்கப்பா இந்தச் சேவோட வந்துட்டுப் போனாக சார். 'எம்மவனுக்கு மில்லு பிடிக்குமா, இல்ல கெணத்தடியில நின்ன மாதிரி பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கதுதான் பிடிக்குமா? படிச்ச பிள்ளைகிட்ட நான் எப்பிடிக் கேக்க, நீதான் எதையும் கேக்குற பிள்ளையாச்சே, கேட்டுச் சொல்லு தாயி'ன்னாக."

ஞானதுரை தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"வீட்டுக்குப் போயி ரெண்டு பேரும் நேர்லயே பேசிக்கிடுங்க சார்" என்றாள் பரிபூரணம், கடைசிச் சேவுத் துண்டை வாயில் போட்டபடி. "கூலிய மட்டும் திருப்பிக் கேக்கக் கூடாது."