குருவியைத் தடுத்த காவல்

ஒரு காட்டில் குரங்கு சோழிச் சூதாட்டம் நடத்திவந்த குகைக்கு முள்ளம்பன்றிதான் வாசல் காவல். ஒருநாள் தூக்கணாங்குருவி ஒன்று அதன் முன்னால் தலைகுனிந்து நின்றது.

"அண்ணே, கூடு பின்னச் சேர்த்த நாரில் பாதியை இங்கே தோற்றுவிட்டேன். இனிமேல் நானே வந்து கெஞ்சினாலும் உள்ளே விடாதீர்கள்."

முள்ளம்பன்றி வாக்குக் கொடுத்தது.

மூன்றாம் நாளே குருவி வந்துவிட்டது. "ஒரே ஒரு ஆட்டம், அண்ணே. விட்டதைப் பிடித்ததும் போய்விடுவேன்."

முள்ளம்பன்றி நகரவில்லை. குருவி அழுதது, ஏசியது, கடைசியில் பறந்து போனது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று முள்ளம்பன்றிக்கு மனம் நிறைந்தது.

மாலையில் பெண்குருவி தேடி வந்தது. "அவர் இங்கே வந்தாரா?"

"வந்தான் அம்மா. நான் விடவில்லை."

பெண்குருவி ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. "அப்படியானால் அக்கரைக்குத்தான் போயிருப்பார். அங்கே நரி புதிதாக ஆட்டம் வைத்திருக்கிறதாம். வாசலில் காவலே கிடையாதாம். மிச்ச நாரையும் காணவில்லை, அண்ணே."

முள்ளம்பன்றியும் அக்கரைப் பக்கம் பார்த்தது.

"நாளைக்குள் முட்டையிட்டாக வேண்டும்," என்றது பெண்குருவி. "எனக்குக் கூடு பின்னத் தெரியாது."

முள்ளம்பன்றி தன் முட்களை ஒடுக்கிக்கொண்டு, வாசலோரம் அது முட்டையிடக் கொஞ்சம் இடம் விட்டது.