சக்கரவர்த்தியின் புல்லாங்குழல்

"இது சீனச் சக்கரவர்த்தி ஊதின புல்லாங்குழல்!" மகேந்திரராசா மூங்கில் குழலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஒரு ஓட்டைதானே அப்பா இருக்கு?" என்றான் மகன் விதுர்சன்.

"சக்கரவர்த்திக்கு ஒண்டு காணும்."

அது நகரத்தின் மறுகோடியில், பியர்பொன்ட்ஸில் யாரோ பழைய வீட்டுச் சாமான் விற்றபோது அவர் அள்ளிக்கொண்டு வந்தது. அதோடு வந்த, கண்ணாடிக் கூண்டு போட்ட குட்டிப் பித்தளை விளக்கு சாமியறையில் பிள்ளையாருக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் சம்பந்தியை அசத்தத்தான். விதுர்சனின் சீனக் காதலி லின்னின் தகப்பன் வோங், கலியாணத்துக்குச் சம்மதம் சொல்வதா மறுப்பதா என்று முடிவெடுக்க, ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

விதுர்சன் இரண்டையும் படமெடுத்து லின்னுக்கு அனுப்பினான். உடனே பதில் வந்தது: 'அபின் குழாய். அபின் விளக்கு. எதையும் ஒளிக்காதே, அப்பா பார்க்கட்டும்.' கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பா, இது அந்தக் காலத்தில அபின் புகைச்ச சாமானாம். எடுத்து வைப்பம்."

"எனக்கே சரித்திரம் படிப்பிக்கிறியோ?"

மணி அடித்தது. வோங் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார். அவர் பேசியது பிரெஞ்சு. மகேந்திரராசாவின் பிரெஞ்சு 'போன்ஜூர்' என்பதோடு முடிந்துவிடும். நடுவில் விதுர்சன்.

விளக்கைக் கண்டதும் வோங் நின்றுவிட்டார். "என் பூட்டனாரிடமும் இப்படி ஒன்று இருந்தது. இரண்டு வயலும் ஓர் எருமையும் இதிலேயே புகையாய்ப் போயின. பூட்டிதான் கடைசியில் கோடரியால் கொத்திப் போட்டாள்" என்றார் பிரெஞ்சில்.

"என்னவாம்?"

விதுர்சன் தமிழில் மாற்றினான்: "அவரின்ர பூட்டனும் வைச்சிருந்தவராம். இதாலதான் ஊரெல்லாம் பேராம்."

"பாத்தியே, பரம்பரைச் சொத்து! சீனாக்காரரின்ர சரித்திரம் சீனாக்காரருக்கே தெரியாது, நான்தான் சொல்லிக்குடுக்கோணும் எண்டு சொல்லு."

"உங்கள் சரித்திரத்தை உங்களிடம் கேட்டுப் படிக்க அப்பாவுக்கு ஆசையாம்" என்று மகன் பிரெஞ்சில் சொன்னான்.

வோங் தலையாட்டியபடி தட்டிலிருந்து நாலாவது மீன் றோல்ஸை எடுத்தார்.

"றெஸ்ரோறன்ற் குசினியில காலம் முழுக்க நிண்ட மனுசன். சரித்திரம் எங்க விளங்கப்போகுது, பாவம்!" மகேந்திரராசா பெருந்தன்மையோடு இன்னும் ஒரு மணிநேரம் மிங், சிங் என்று விளாசித் தள்ளினார். மகன் அத்தனையையும் மரியாதையாக மாற்றிக்கொண்டேயிருந்தான். அவன் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. சம்மதம் பற்றி வோங் வாயே திறக்கவில்லை.

ஒருவழியாக அவர் எழும்பினார். வாசலில் குனிந்து சப்பாத்தைக் கட்டினார். நிமிர்ந்து மகேந்திரராசாவின் கையைப் பிடித்தார்.

"அப்ப வாறன் சம்பந்தி" என்றார், அச்சொட்டான யாழ்ப்பாணத் தமிழில். "குசினியில இருபது வருசம் உங்கட பொடியளோடதான் நிண்டனான். மருமோன் ரெண்டு பக்கத்து மானத்தையும் காப்பாத்திப்போட்டார், தையில கலியாணத்தை வைப்பம். அந்த விளக்கை மட்டும் எடுத்துப்போடுங்கோ, பிள்ளையாருக்குப் பழகிப்போடும்."