மூணாவது ஜோடி

அவன் ஷூவைக் கழற்றியதும் ரத்தினம்மாள் பன் தட்டை எடுத்து மூடி வைத்தாள். அப்படி ஒரு வாடை. வேர்வையும் ரத்தமும் சீழும் ஒன்றாகப் புளித்துப்போன வாடை.

"தம்பி, நாலு பேரு டீ குடிக்கிற எடம் இது. காலை அந்தாண்ட நீட்டு."

அவன் பெஞ்சின் கடைசிக்கு நகர்ந்தான். பந்தயக்காரர்கள் போடுகிற பளபளப்பான பனியன், அவன் தோளில் தொளதொளவென்று கிடந்தது. வேப்பமரத்தில் சாத்தியிருந்த சைக்கிளில் மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை. டயர் கட்டைவிரல் தடிமன்தான்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில், புதுச்சத்திரம் தாண்டி இருக்கிறது ரத்தினம்மாளின் கொட்டகைக் கடை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இந்த மாதிரி சைக்கிள்கள் கூட்டமாகப் பறக்கும். இன்று புதன்கிழமை, இவன் மட்டும் ஒற்றையாக வந்திருந்தான்.

மீன் பெட்டி கட்டிய சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு ராஜமாணிக்கம் அந்தச் சைக்கிளையே சுற்றிச் சுற்றி வந்தான். அன்னங்கோயிலில் மீன் எடுத்து ஊர் ஊராக விற்கிறவன். இருபது வருஷமாக ரப்பர் செருப்போடு மிதிக்கிற கால்.

"சைக்கிள் எம்மாம் சார்?"

"எம்பதாயிரம்."

"ஷூவு?"

"பன்னெண்டு."

"பன்னெண்டு நூறா?"

"ஆயிரம்ணே."

ரத்தினம்மாள் வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தாள். "காசு குடுத்துப் புண்ண வாங்குறானுவ பாரு, மாணிக்கம்."

அவன் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள். விழுந்தது. அவன் குனிந்து சாக்ஸை உரித்தான். குதிகால் தோல் அதோடு சேர்ந்து வந்தது. சுண்டுவிரல் நகம் கறுத்துப்போய், ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டித் தொங்கியது.

"யம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க."

ஒரு சொம்பைத் தரையில் நங்கென்று வைத்தாள். அவன் கைக்குட்டையை நனைத்து முதலில் ஷூவைத் துடைத்தான். உள்ளே விரலை விட்டுத் தடவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து, மறுபடியும் துடைத்தான். மிச்சத் தண்ணீரைத்தான் காலில் ஊற்றினான்.

"நல்லாருக்குது ஞாயம்! காலு அழுவி வழியுது, நீ ஷூவக் குளிப்பாட்டுற."

"கறை பட்டா போச்சிம்மா."

ராஜமாணிக்கத்துக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சார், கடையில போட்டுப் பாத்துதான வாங்குனது?"

"கடையில சரியாத்தான் இருந்துச்சி. முப்பது கிலோமீட்டர் தாண்டுனா காலு வீங்கிடுதுண்ணே, அப்பதான் கடிக்க ஆரம்பிக்குது. மொத ரெண்டு ஜோடியும் இப்படித்தான், தூக்கிக் கெடாசியாச்சி. இது மூணாவது, பெங்களூர்லேர்ந்து வந்தது."

"நம்ம ரப்பர் செருப்பப் போட்டுக்கிட்டு மிதி சார், ஒண்ணும் ஆவாது."

"அது ஆவாதுண்ணே. இதுக்கு அடியில இரும்பு இருக்குது பாருங்க, பெடல்ல மாட்டிக்கும். இத போட்டுத்தான் மிதிக்கணும், மிதிச்சி மிதிச்சித்தான் இது எளகும். வர்ற ஞாயித்துக்கெழம பந்தயம். அதுக்குள்ள மெத்துனு ஆவணும்."

"ஆவலன்னா?"

"சீட்டு கிழிஞ்சிடும்ணே."

சொல்லிவிட்டு மறுபடியும் ஷூவுக்குள் விரலை விட்டு அழுத்திப் பார்த்தான். ஒரு பந்தயத்துக்கா இப்படி என்று ராஜமாணிக்கத்துக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ரத்தினம்மாளுக்கு ஆகவில்லை. பதினைந்து வருஷம் செங்கல் சூளையில் கல் சுமந்தவள் அவள். சூடு ஆறாத கல் காலில் விழுந்து வெந்தபோது, மறுநாள் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். போகாவிட்டால் அடுப்பு எரியாது. அந்தத் தழும்பு இன்னும் புறங்காலில் பளபளக்கிறது.

"நமக்குப் புண்ணு வந்தா பொழப்பு போச்சி. இவனுவளுக்கு அது வெளையாட்டு," என்றாள். "தின்னது செரிக்கலன்னு சைக்கிள் உடுறானுவ. இதுல நம்ம கடையில வந்து சீழ வேற கழுவுறானுவ. தூ!"

அவன் தலையைத் தூக்கவே இல்லை. "ஒரு கேரிபேக் இருந்தா குடுங்கம்மா," என்றான்.

பன் வந்த பிளாஸ்டிக் கவரைத் தூக்கி எறிந்தாள். அதை இரண்டாகக் கிழித்துக் காலில் சுற்றினான். மேலே சாக்ஸ், அதன் மேல் ஷூ. உள்ளே நுழையும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வார்ப்பட்டையை இறுக்கிவிட்டு எழுந்தான். இரும்பு தரையில் இடற, லாடம் அடித்த மாடு மாதிரி தட்டுத் தடுமாறிச் சைக்கிளுக்குப் போனான்.

"இன்னும் எம்மாம் தூரம் சார்?" ராஜமாணிக்கம் கேட்டான்.

"சிதம்பரம் போயித் திரும்பணும்ணே. நேத்தும் போனேன். சனிக்கெழம வரைக்கும் தெனமும் போவணும்."

ரத்தினம்மாள் அவன் குடித்த கிளாஸை இரண்டு தடவை கழுவினாள். பிறகு, அவன் கால் நீட்டிய இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை விசிறி அடித்தாள்.

"போ ராசா, போ. இன்னும் நாலு நாளு, மெத்துனு ஆயிடும். அப்புறம் சொகமா மிதி. அந்தக் குடுப்பினை எங்களுக்கு ஏது?"

பெடலில் ஷூ டக்கென்று மாட்டிக்கொண்டது. அவன் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"மெத்துனு ஆயிட்டா எங்க மொதலாளி போட்டுக்குவாரும்மா."