வட்டத்தின் மேல் கம்பளம்

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அபராதம் என் பேரில் நிற்கிறது. ஊரடங்கில் அம்மாவைப் புதைக்க ஐந்து பேருக்குத்தான் அனுமதி. ஆறாவதாகத் தம்பி ஓடிவந்து ஒரு பிடி மண் போட்டுவிட்டான். அந்த அபராதத்தை எழுதிய சுகாதார அதிகாரி, தலைவரின் பிறந்தநாள் விருந்தில் கார்க் கதவு திறந்துவிடுகிறார். முகக்கவசம் தாடையில் தொங்குகிறது. தள்ளித் தள்ளி நிற்கச் சொல்லி இந்த மண்டபத் தரையில் வெள்ளை வட்டம் போட்டவன் நான். இன்று அதன் மேல் சிவப்புக் கம்பளம் விரித்தவனும் நானே. சரவிளக்குக்குக் கீழே சென்ட் வாடையும் சிரிப்புமாக நானூறு பேர் ஒருவர் தோளில் ஒருவர் தொங்குகிறார்கள். காலையில் தொலைக்காட்சியில் “வீட்டிலேயே இருங்கள்” என்று விரலால் கண்ணைத் துடைத்த தலைவர், அதே விரலால் ஒவ்வொரு வாயிலும் கேக் ஊட்டுகிறார். “ஏம்பா, ஓரத்துல வட்டம் தெரியுது. இழுத்து மூடு,” என்கிறார் அதிகாரி. “மூடிடுறேன் சார். எங்கம்மா குழிப் பக்கத்துலயும் ஒரு கம்பளம் போட்டிருந்தா, தம்பி உங்க அபராதக் கணக்குல வந்திருக்க மாட்டான்.” தலைவர் காதில் விழுந்துவிடுகிறது. குலுங்கிச் சிரிக்கிறார். “நம்ம ஆளுதான்யா, அபராதத்த கோடு போட்டு அடிச்சு விடு.” அதிகாரி பேனாவைத் திறக்கிறார். நான் மூன்று நாள் கூலியை அப்படியே அவர் கையில் வைக்கிறேன். “அடிக்க வேணாம் சார், ரசீது போடுங்க. சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் இந்த மண்டபத்துல ஒருத்தனாவது இருந்தான்னு இருக்கட்டும்.” ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறேன். என் பாக்கி தீர்ந்தது.