படிவத்தில் எழுதிய உறவு

நோர்பரி தேவாலயப் பங்கிலிருந்து நாற்பது பேர் இலங்கைக்குப் போகிறார்கள். மலைநாட்டின் பழைய கோப்பித் தோட்டங்களைச் சுற்றிப் பார்ப்பதும் அந்தப் பயணத்தில் உண்டு. பெனிற்றா நிரப்பி வைத்த படிவத்தை வாசித்த கணவன் கொட்வினின் முகம் மாறியது.

“குடும்பத்துக்குத் தோட்டத்தோட தொடர்பு இருக்கோ எண்டு கேட்டதுக்கு, ஏன் ‘ஓம்’ எண்டு போட்டனீர்?”

“உண்மைதானே.”

“‘கோப்பி பிடுங்கின கூலி, லயத்து வரிசை வீட்டில இருந்தவ’ எண்டும் எழுதியிருக்கிறீர். பங்கில எல்லாருக்கும் நாங்கள் யாழ்ப்பாணம். முப்பது வருஷமா மறைச்சதை இப்ப ஏன் கிளறுறீர்?”

“மறைச்சது நீங்கள். எனக்கு அதில வெட்கமில்லை.”

“பஸ்ஸில ஒருத்தரும் எங்களோட கதைக்க மாட்டினம்.”

“கதைக்காட்டிப் போகட்டும். அந்த லயத்துக்கு முன்னால நிண்டு படமும் எடுப்பன்.”

கொட்வின் அந்த வரியை வெட்டப் பேனாவை எடுத்தான். பெனிற்றா படிவத்தைப் பறித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

“யாழ்ப்பாணத்தில பிறந்து வளர்ந்த எனக்கே வெட்கமில்லை. கோப்பி பிடுங்கினது உங்கட பூட்டி.”