கூண்டின் அகலம்

"துருப்பிடிக்குமாங்க இது?"

கம்பியை நகத்தால் சுரண்டியபடி சித்தி கேட்டாள்.

கடைக்காரர் ஏதோ பதில் சொன்னார். பக்கத்தில் நின்ற சிறுமி அதைக் கேட்கவில்லை. வீட்டுக்குள் மழை பெய்யாது. பால்கனியில்தான் பெய்யும்.

அம்மாவின் தையல் மெஷினும் முதலில் பால்கனிக்குத்தான் போனது. கொஞ்ச நாளைக்கு என்றார் அப்பா. மேலே ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தினார்.

ஒருநாள் பள்ளிவிட்டு வந்தபோது பெட்ஷீட் மட்டும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. காயலான் கடை வண்டி வந்துபோயிருந்தது.

சித்தி வந்த மாதம் அது.

பிறகு அம்மாவின் நாற்காலி. அதுவும் பால்கனி வழியாகத்தான்.

அம்மா வாங்கித் தந்ததில் இப்போது மிச்சம் இரண்டு கினிப்பன்றிகள். பெயர் முறுக்கு, சீடை. ஆப்பிள் வந்த அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. மூலையைக் கொறித்து ஓட்டை போட்டுவிட்டன.

கூண்டு வாங்கலாம் என்று சொன்னது சித்திதான்.

அதுதான் இடித்தது.

ஏணி வைத்த மாடிக்கூண்டைக் கடைக்காரர் காட்டினார். சித்தி வேண்டாம் என்றாள். இதுகள் ஏறாது, தரைதான் அகலமாக வேண்டும், கம்பித் தரையில் நின்றால் பாதம் புண்ணாகும் என்றாள்.

இவ்வளவும் எப்போது படித்தாள்?

எதற்காகப் படித்தாள்?

அடுத்தது நீலக்கூண்டு. சித்திக்குப் பிடித்துவிட்டது.

"அண்ணா, இது மடங்குமா?" சிறுமி கேட்டாள்.

கடைக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கொக்கிகளை விடுவித்தார். கூண்டு பாயைப் போலப் படுத்துக்கொண்டது.

"பால்கனி, மொட்டமாடி, எங்க வேணா தூக்கிட்டுப் போலாம் பாப்பா."

அவள் நகர்ந்துவிட்டாள்.

கடையின் கோடியில் ஒரு முயல்கூண்டு நின்றது. பற்றவைத்த கனத்த கம்பி. சதுரமாக, பீரோவின் பாதி உயரத்துக்கு.

இடது சடையிலிருந்து ரிப்பனை உருவினாள். அதில் ஒரு முடிச்சு இருந்தது. காலையில் யாரும் பார்க்காதபோது பால்கனிக் கதவு நிலையின் அகலத்தை அளந்து போட்டது.

நீளம் முடிச்சைத் தாண்டியது. அகலம் தாண்டியது. உயரமும்.

எப்படிப் புரட்டினாலும் போகாது.

"இதுதான் வேணும்."

கடைக்காரர் சிரித்தார். ஒரு முயல் குடும்பமே இருக்கலாம், முதலில் இது வீட்டுக்குள் நுழையுமா என்றார்.

வாசலுக்கு இரட்டைக் கதவு. அதையும் அளந்திருந்தாள்.

சித்தி குனிந்து அவள் கையிலிருந்து ரிப்பனை வாங்கினாள். முனையிலிருந்து முடிச்சுவரை விரித்துத் தன் இடுப்புக்கு நேராகப் பிடித்தாள். தினமும் ஈரத்துணி வாளியோடு பால்கனிக்கு ஒருக்களித்து நுழைகிற அகலம்.

கொஞ்ச நேரம் ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி இடமில்லை என்பாள். விலை அதிகம் என்பாள். சிறுமி காத்திருந்தாள்.

கடைக்காரர் நான்கு சக்கரங்களை எடுத்துவந்தார். இதற்குக் காசு வேண்டாம், மாட்டிக்கொண்டால் தள்ளிக்கொண்டு போகலாம் என்றார்.

"சக்கரம் வேண்டாங்க" என்றாள் சித்தி. "அடியில பலகை மட்டும் போட்டுக் குடுங்க. ஹால்லயேதான் இருக்கும்."

பிறகு சிறுமியின் பின்னால் வந்து நின்றாள். அவிழ்ந்த சடையைப் பின்னி, மடித்து, ரிப்பனைக் கட்டினாள்.

சித்தி திரும்பியதும் சிறுமி கையைப் பின்னால் கொண்டுபோனாள். ரிப்பனைத் தடவிப் பார்த்தாள்.

முடிச்சு அப்படியே இருந்தது.