நடுவில் வைத்த மீன்

மெர்லினின் மணிக்கட்டில் சிகிச்சை வளையத்தைப் பூட்டியதிலிருந்து, அடுத்தவர் பொருளுக்குக் கை நீட்டினால் அவள் விரல்கள் மரத்துப்போயின. கடைகளில் சீப்பு, பொத்தான் என்று தேவையில்லாததை எல்லாம் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கூனிக்குறுகி அழுத காலம் முடிந்தது. அவற்றைத் திருப்பிக் கொடுக்க அவள் கணவன் ராயப்பனும் இப்போது அலைவதில்லை.

ஒரு மதியம், பேச்சுவாக்கில் அவன் தட்டிலிருந்த பொரித்த மீனுக்குக் கை நீட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து உள்ள பழக்கம். பாதி வழியில் விரல்கள் மரத்தன.

“எடுத்துக்கோட்டி, நான்தான தாரேன்,” என்றான் ராயப்பன். விரல்கள் உடனே இளகின.

“குடுத்தா வேண்டாம்,” என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவன் மீனை ஒரு கிண்ணத்தில் போட்டு இரண்டு தட்டுகளுக்கும் நடுவே வைத்தான்.

“இது யாருக்கு?”

“அத இன்னும் முடிவு பண்ணல,” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் எடுக்க எழுந்து போனான்.

மெர்லினின் கை மெல்ல நீண்டது. வளையம் சற்றுத் தயங்கியது. பிறகு சும்மா இருந்துவிட்டது.

அவன் செம்போடு திரும்பியபோது கிண்ணம் காலியாக இருந்தது.

“இங்க இருந்த மீன் எங்கட்டி?”

“பூனையக் கேளுங்க,” என்றாள், வாய் நிறைய மென்றபடி.